கொழுப்பில் நல்லதும் தீயதும் உளவோ?

இரத்தச் சோதனைத் தாளைப் படித்துப் பொருள் கூறுவோர், சர்க்கரைக்கு ஓர் எண்ணும் உப்புக்கு ஓர் எண்ணும் கூறிச் செல்வர். கொழுப்பின் வரிசை வந்ததும் அவர்தம் நடை மாறிவிடும். "இது நல்ல கொழுப்பு, இது கெட்ட கொழுப்பு" என்று அதற்கு மட்டும் நடத்தைச் சான்று வழங்கத் தொடங்குவர். நாளிதழ்களின் மருத்துவப் பகுதிகளிலும் இவ்வடைமொழிகளே வழங்குகின்றன. இவை பொருந்தா அடைமொழிகள் என்பதும், பொருந்தாமையோடு நில்லாது தீங்கும் விளைப்பன என்பதும் எம் துணிபு. தமிழ் பயில்வார்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், சொல் பிழைபட்ட இடத்தில் தமிழ் மாணவர்க்கு வேலை உண்டு என்பதே எம் விடை.

முதற்கண் சொல்லையே நோக்குவோம். கொழு என்னும் அடி பழந்தமிழில் வளத்தையும் செழிப்பையும் உணர்த்திற்று. கொழுமீன் என்றும் கொழுங்கனி என்றும் புலவர் கூறுங்கால் அது புகழ்ச்சியே. இன்றோ, "அவனுக்குக் கொழுப்பு" என்றால் செருக்கு மிக்கவன் என்பது பொருள். வடமொழியில் சிநேகம் என்னும் ஒரு சொல்லே எண்ணெய்ப் பசையையும் அன்பையும் குறிக்கும். ஒரு மொழி நெய்ப்பசையில் அன்பைக் கண்டது. நம் மொழியின் பிற்கால வழக்கோ அதிலே திமிரைக் கண்டது. இவ்வாறு முன்னரே பழி சுமந்து நிற்கும் ஒரு சொல்லின்மீது, நல்லது கெட்டது என்னும் அடைகளையும் ஏற்றியுள்ளோம்.

இனி, உடம்பு இப்பொருளை எவ்வாறு கையாளுகின்றது என்பதைக் காண்போம். நீரும் நெய்யும் தம்முட் கலவா. இஃது அடுக்களை அறிந்த செய்தி. இரத்தத்தின் நீர்ப்பகுதியிலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரே. அங்ஙனமாயின், ஞாயிறு காலை விடுதியில் யாம் உண்ணும் வெண்பொங்கலின் நெய், தண்ணீராலான ஆற்றின் வழியே கால் விரல்நுனி வரை செல்வது எங்ஙனம்? இவ்வொரு வினாவிற்கு உடம்பு கண்டுள்ள விடையே கொழுப்பின் வரலாறு முழுவதும் என்னலாம்.

வாயிலும் இரைப்பையிலும் அந்நெய்க்கு நேர்வது சிறிதே. அது சிறுகுடலின் முதற்பகுதியை அடைந்ததும், குடற்சுவரினின்று கோலிசிஸ்டோகைனின் என்னும் செய்திப்பொருள் இரத்தத்திற் கலக்கின்றது. பித்தப்பையை அசைப்பது என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். பெயருக்கேற்பப் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைப் பொழியும். கணையமும் தன் நீரை விடுக்கும். இரைப்பையோ, 'சற்றே பொறு' என்று கட்டளை பெற்றாற்போலத் தன் உணவை மெல்ல மெல்லக் கீழே அனுப்பும். நெய்யுணவு உண்டார்க்கு நெடுநேரம் பசியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் முழுக்கில் சீயக்காய் செய்யும் வேலை எதுவோ, அதுவே குடலிற் பித்தநீர் செய்யும் வேலை. அது நெய்யைப் பகுப்பதன்று. பெருந்துளிகளை நுண்டுளிகளாகச் சிதறச் செய்து, அவை மீண்டும் கூடாவண்ணம் காக்கின்றது. பகுக்கும் தொழில் கணையநீரினது. நெய்யின் ஒவ்வொரு மூலக்கூறும் கிளிசரால் என்னும் தண்டில் மூன்று கொழுப்பமிலங்கள் தொங்கும் அமைப்பினது. கணையத்தின் லைப்பேசு என்னும் நொதி அவற்றுள் இரண்டைக் கத்தரித்து விடுகின்றது. இவ்வாறு கத்தரிக்கப்பட்டவை பித்த உப்புக்களோடு சேர்ந்த மிக நுண்ணிய திரள்களாகிக் குடற்சுவரை அணுகி, உயிரணுக்களினுள் நுழைகின்றன. பித்த உப்புக்கள் உடன் நுழையாமற் சிறுகுடலின் இறுதிவரை சென்று, ஆங்கு நூற்றில் ஏறத்தாழ 95 பங்கு மீட்கப்பட்டு, ஈரலுக்கே திரும்புகின்றன. இவ்வளவு சிக்கனமான இல்லத்தலைவியை யாம் எவ்வூரிலும் கண்டிலோம்.

கணையத்தின் இத்தொழிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலகுக்கு உணர்த்தியவர் பிரான்சு நாட்டுக் கிளாடு பெர்னார்டு என்பார். முயலிற் பித்தக்குழாய் குடலின் தொடக்கத்திலும், கணையக்குழாய் அதனின்று நெடுந்தொலைவு கீழேயும் திறக்கின்றன. கொழுப்புணவு உண்ட முயலின் குடலை அவர் நோக்கியபோது, கணையக்குழாய் திறக்கும் இடத்திற்குக் கீழேதான் குடலைச் சூழ்ந்த நாளங்கள் பாலென வெளுத்திருந்தன. பித்தநீர் மட்டும் படிந்த மேற்பகுதியில் அவ்வெண்மை இல்லை. இத்துணை எளிய காட்சியினின்று இத்துணைப் பெரிய உண்மையை உய்த்துணர்ந்த திறம் எம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது.

அந்த வெண்ணாளங்களை முதலில் விளக்கியுரைத்தவர் இத்தாலியராகிய காஸ்பரே அசெல்லி. 1622-ஆம் ஆண்டில், உண்டு சிறிது நேரமே ஆகியிருந்த ஒரு நாயை அறுத்தபோது, குடலைத் தாங்கும் சவ்வெங்கும் வெண்ணூல்கள் பரந்திருக்கக் கண்டார். நரம்பென்று கருதி ஒன்றைக் கீறினார். பால்போன்ற நீர் பெருகிற்று. பட்டினி கிடந்த வேறொரு நாயில் அந்நூல்கள் தோன்றவில்லை. உயிரோடு அறுக்கப்பட்ட அவ்விலங்குகளை நினைக்க எம் மனம் கசிகின்றது. அவற்றால் வந்த அறிவை மறுக்கவும் இயலவில்லை. அந்நாளங்கள் ஈரலுக்குச் செல்வன என்று அசெல்லி கருதினார். அது தவறென்பதும், அவை கொணரும் வெண்ணீர் மார்பினூடே மேலேறும் ஒரு பெருங்குழாயிற் சேர்கின்றது என்பதும் 1651-இல் ழான் பெக்கே என்பவரால் தெரியவந்தன.

ஈண்டு ஒரு நுட்பம் உளது. குடல் உறிஞ்சும் சர்க்கரை முதலியன நேரே ஈரலாகிய சுங்கச்சாவடியை அடைந்து, ஆங்குத் தீர்வை செலுத்திய பின்னரே உடலெங்கும் செல்லும். நெய்யோ அச்சாவடியைச் சுற்றிக்கொண்டு, நிணநீர் வழியே மேலேறி, இடப்புறக் கழுத்தின் அடியிற் பெருஞ்சிரையிற் கலந்து, இதயத்தை முன்னர்க் காண்கின்றது. நிணம் என்பது கொழுப்பின் பழந்தமிழ்ப் பெயர். நிணநீர் என்னும் கலைச்சொல்லை ஆக்கினோர் இதனைக் கருதியே ஆக்கினரோ இல்லையோ, அச்சொல் மெய்யாகவே நிணத்தைச் சுமக்கின்றது. குறுகிய கொழுப்பமிலங்கள் மட்டும் ஈரல்வழியே செல்வன. இதனைப் பற்றிக்கொண்டு, தேங்காயெண்ணெய் உடம்பில் தங்காது என்று எம் தென்கோடி நண்பர்கள் வாதிடுவர். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதியாகிய லாரிக் அமிலம் பெரும்பாலும் நிணநீர் வழியையே நாடுகின்றது என்பதை அவர்கள் மனங்கொள்வாராக. அவர்தம் அவியலின் சுவையைப் பற்றி எமக்கு வழக்கில்லை.

குடற்சுவரின் உயிரணுக்கள் செய்யும் வேலையைக் கூறாது விட்டோம். கத்தரித்து வந்தவற்றை அவை மீண்டும் ஒன்றாகத் தைத்து நெய்யாக்கி, அந்நெய்யைச் சுற்றி நீரை விரும்பும் புரதத்தாலும் பிறவற்றாலும் ஓர் உறை அமைக்கின்றன. உள்ளே நெய், வெளியே நீருக்கு இசைந்த மேனி. இதுவே நெய்யை நீரிற் செலுத்தும் கலம். கைலோமைக்ரான் என்பது அதன் பெயர். வங்கம், நாவாய், அம்பி, தோணி எனக் கலங்களைப் பலவாறு பகுத்த மொழி நம்முடையது. அவ்வரிசையில் இதனை வங்கம் என்னலாம், அத்துணைப் பெரிது. உண்ட சில மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதி மோர்போலக் கலங்கியிருப்பது இவ்வங்கங்களின் நெருக்கத்தாலேயே.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவர்களில் ஒரு நொதி, துறைமுகச் சுமைகாரரைப்போலக் காத்திருந்து, கலத்தினின்று சரக்கை இறக்குகின்றது. குறைச்சரக்கோடு சுருங்கிய கலத்தை ஈரல் வாங்கிக்கொள்கின்றது. பின்னர் ஈரல் தானும் கலங்களைக் கட்டித் தன் நெய்யை ஏற்றி விடுக்கின்றது. அவை வழியெங்கும் நெய்யை இறக்கி இறக்கிச் சிறுத்து, முடிவிற் கொலஸ்டிராலையே பெரிதும் சுமந்த தோணிகள் ஆகின்றன. இத்தோணிக்கே எல். டி. எல். என்று பெயர். உறுப்புக்களினின்று மிகுந்த கொலஸ்டிராலை ஏற்று ஈரலுக்குத் திருப்பும் பணியிற் பங்கு கொள்ளும் பிறிதொரு சிறுகலம் எச். டி. எல். எனப்படும்.

எம் வழக்கின் நடுவிடம் இதுவே. எல். டி. எல். என்பதும் எச். டி. எல். என்பதும் கொழுப்பின் பெயர்கள் அல்ல, கலங்களின் பெயர்கள். இரண்டிலும் உள்ள கொலஸ்டிரால் ஒன்றே, அணுவளவும் வேறுபாடில்லை. உயிரணு ஒவ்வொன்றின் போர்வையிலும் அஃது உளது. பித்த உப்புக்கும் ஆண்மை பெண்மைச் சுரப்புக்களுக்கும் அதுவே மூலப்பொருள். ஒரே களத்து நெல்லை ஒரு வண்டியில் ஏற்றினால் நல்ல நெல் என்றும், பிறிதொரு வண்டியில் ஏற்றினால் கெட்ட நெல் என்றும் கூறுவார் உளரோ?

எல். டி. எல். மிகுதல் தீங்கன்று என்பது எம் வாதம் என யாரும் கொள்ளற்க. அவ்வாறு கூறித் திரிவாரும் இந்நாளில் உளர். அவர் கூற்று உயிர்க்கு இறுதி விளைப்பது. தேவைக்கு மிகுந்த தோணிகள் இரத்தத்தில் நெடுநாள் அலையுமாயின், அவற்றுட் சில தமனியின் சுவரிற் புகுந்து சிக்கி, ஆண்டுக்கணக்கிற் படிந்து, வழியை அடைத்துவிடும். இதனை யாம் எம் இல்லத்திலேயே அறிந்துள்ளோம். எம் தாய்மாமன் ஒருவர் பனையேறும் தொழிலினர். வயிறு முதுகோடு ஒட்டிய மேனி. ஊரில் நடந்த மருத்துவ முகாமிற்கு அழைத்தபோது, "எனக்கேது கொழுப்பு?" என்று இருபொருள்பட நகைத்துப் பனைக்கே சென்றார். நாற்பத்தோராம் வயதில் அவர்க்கு மாரடைப்பு வந்தது. சோதித்தபோது அவரது எல். டி. எல். மிகமிக உயர்ந்திருந்தது, அவர்தம் உடன்பிறந்தாராகிய எம் அன்னையார்க்கும் அவ்வாறே. அம்மான் உயிர் பிழைத்தார், பனை ஏறுவதில்லை. அன்னையார் நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்கின்றார்.

இது குடிவழி வரும் நிலை. ஏறத்தாழ 250 முதல் 300 பேர்க்கு ஒருவர் இதனோடு பிறக்கின்றனர். பெற்றோருள் ஒருவர்க்கு இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதன் காரணத்தை 1970-களில் அமெரிக்க நாட்டு டல்லாசு நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டைன் என்னும் இருவர் கண்டறிந்து, 1985-இல் நோபெல் பரிசு பெற்றனர். தோணிகள் வந்து அணையும் ஏற்பிகள் என்னும் படித்துறைகள் உயிரணுக்களின் மேற்பரப்பில் உள. இக்குடியினர்க்கு அத்துறைகள் குறைவு; ஆதலின் தோணிகள் கரை காணாது சுற்றுகின்றன. அன்னையார் உண்ணும் மாத்திரை ஸ்டாடின் என்னும் இனத்தது. 1970-களில் ஜப்பானியராகிய அக்கிரா எண்டோ, ஒரு பெனிசிலியப் பூசணத்தினின்று இவ்வினத்தின் முதற்பொருளைப் பிரித்தெடுத்தார். அது ஈரல் தானே கொலஸ்டிராலைச் செய்வதைத் தடுக்கின்றது. தன் கையிருப்புக் குறையவே, ஈரல் மேலும் படித்துறைகளைக் கட்டி, இரத்தத்தில் அலையும் தோணிகளை இழுத்துக்கொள்கின்றது. ஆகவே பிழை தோணியின் குணத்தில் இல்லை. துறையின் குறையிலும் தோணியின் தொகையிலுமே உளது. அம்மானின் செவியில் விழுந்த 'கெட்ட கொழுப்பு' என்னும் சொல் இதனுள் எதனையும் அவர்க்கு உணர்த்தவில்லை. மேனியிற் காணும் கொழுப்பையே அவர் நினைத்தார். தமக்கில்லை என்று போனார்.

'நல்ல' என்னும் அடைமொழி செய்த கேடு இதனினும் வியப்புடையது. எச். டி. எல். குறைந்தோர்க்கு மாரடைப்பு மிகுதி என்பது கணக்கெடுப்பிற் கண்ட உண்மை. நல்லதாயின் அதனைப் பெருக்குதலும் நன்றன்றோ என்று மருந்து செய்வோர் முனைந்தனர். டார்செட்ராபிப் என்னும் மருந்து எச். டி. எல்லை நூற்றுக்கு எழுபதுக்கு மேலும் உயர்த்திற்று. ஏறத்தாழ 15,000 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், மருந்துண்டோர் பக்கமே சாவு மிகுந்தமை கண்டு 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் அது நிறுத்தப்பட்டது. அம்மருந்து இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியதாகலின், குற்றம் அதனது தனிக்குற்றம் என்றனர். பின்னர் அவ்வினத்து வேறிரண்டு மருந்துகளும் எச். டி. எல்லை உயர்த்தியும் பயனின்றி, 2012-இலும் 2015-இலும் கைவிடப்பட்டன. பெயரை நம்பியதன் விளைவு என்று இதனை முழுதும் கூறிவிடலாகாது. அறிஞர் எண்களையும் நம்பினர். ஆயினும், "எனக்கு நல்ல கொழுப்பு மிகுதி, ஆதலின் கெட்டது மிகினும் ஈடாகிவிடும்" என்று மாத்திரையை நிறுத்துவோர் இன்றும் உளர். அவர்கள் நம்புவது அடைமொழியை மட்டுமே.

இனி, சேமிப்பைப் பற்றிச் சில கூறுவோம். உண்டவுடன் இன்சுலின் ஓங்கும். கொழுப்புத் திசு தன் கதவைத் திறந்து வாங்கும், கொடாது. இரவில் உறங்கும்போதும் நோன்பின்போதும் இன்சுலின் தாழும். அப்பொழுது அத்திசு நெய்யைப் பகுத்துக் கொழுப்பமிலங்களை இரத்தத்தில் விடுக்கும். அவை அல்புமின் என்னும் புரதத்தின் தோளிலேறி இதயத்தையும் தசையையும் அடைந்து எரிபொருளாகும். பட்டினி நீளுமாயின், ஈரல் அவற்றைக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கும் ஊட்டும். சர்க்கரை ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி. சுமக்கும் எடைக்கு இதனினும் சிறந்த களஞ்சியம் இல்லை. இதனைத் திமிரின் அடையாளம் என்று எவ்வாறு கூறத் துணிந்தோம்?

அக்களஞ்சியம் வாய் பேசா மூட்டையும் அன்று. 1994-இல் நியூயார்க்கில் ஜெப்ரி பிரீடுமன் குழுவினர், கொழுப்புத் திசுவே மூளைக்கு விடுக்கும் ஒரு தூதினைக் கண்டனர். மெலிவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் லெப்டின் என்று அதற்குப் பெயரிட்டனர். 'இருப்பு உளது, உண்டது போதும்' என்பதே தூதின் செய்தி. பிறவியிலேயே இத்தூது இல்லாத சில குழந்தைகள் அடங்காப் பசியால் வருந்திப் பருத்தனர். லெப்டினை ஊசியால் ஏற்ற அப்பசி தணிந்தது. ஏனைப் பருத்தோர் பெரும்பாலோரிடம் தூது நிறைய உளது, மூளை செவிசாய்ப்பதில்லை. எம் வகுப்புக்களிற் பருத்த தோழர்களைப் பெயரிட்டு நகையாடுவோர் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

மெலிந்தார் நிலையும் எண்ணற்பாலது. 2004-இல் பூனா நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்ஞிக்கும் இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தம் உடம்புகளையே சான்றாக்கி வெளியிட்டனர். உயரத்திற்கேற்ற எடையெண் இருவர்க்கும் ஒன்றே. ஆயின் யுட்கின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9 அளவினது, யாஜ்ஞிக் உடலில் 21 அளவினது. நம் நாட்டார் மெலிந்து தோன்றியும், வயிற்றினுள்ளே கொழுப்பை மறைத்து வைத்திருத்தல் உண்டு. இது எம் அம்மானுக்கு வந்த நிலையின் வேறு. எனினும் இரண்டும் ஒன்றையே தெரிவிக்கின்றன: கண்ணாடி முன் நின்று கொழுப்பை அளத்தல் இயலாது.

"பாமரர்க்கு எளிதில் விளங்கவே நல்லது, கெட்டது என்கின்றோம், நீவிர் புலமை காட்டி நோயாளியை மருட்டாதீர்" என்று மருத்துவர் சிலர் கூறக்கூடும். அவர்தம் இரக்கத்தை யாம் மதிக்கின்றோம். ஆனால், எளிமை வேறு, பிழை வேறு. தோணியும் துறையும் அறியாத பாமரர் தமிழ்நாட்டில் இலர். அறியாதது நல்ல கொழுப்பு எவ்வாறு நல்லதாயிற்று என்பதே. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உடற்கூற்று நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணாக்கர்க்குக் கற்பித்தார். ஒரு பிறநாட்டார் அத்துணை வருந்திச் சொல் தேடிய மொழியில், நாம் இரண்டு அடைமொழிகளோடு அமைந்துவிடுதல் நாணத்தக்கது.

எம்மால் இயன்றதைக் கூறுகின்றோம். எல். டி. எல்லை ஏற்றுகலம் என்றும், எச். டி. எல்லை மீள்கலம் என்றும் வழங்கலாம். சோதனைத் தாளை விளக்குவோர், "உம் இரத்தத்தில் ஏற்றுகலங்கள் மிகுந்துவிட்டன, அவற்றை வாங்கும் துறைகள் போதவில்லை" என்று கூறின், கேட்போர் துறையை எவ்வாறு பெருக்குவது என்று வினவுவர், மாத்திரையின் வேலை அப்போதே விளங்கிவிடும். மீள்கலம் என்னும் பெயரில் எமக்கே சிறிது ஐயம் உண்டு; எச். டி. எல். மீட்கும் தொழிலொன்றையே செய்வதன்று, வேறு பணிகளும் அதற்கு உள. விலங்கியல் வகுப்பினரும் வேதியியல் வகுப்பினரும் இவற்றினும் பொருந்திய சொற்களைக் காண்பாராயின், அடுத்த ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் அவற்றைக் காண விழைகின்றோம்.